வட காக்கசிய மொழிகளில் மூலவேர் தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செச்சென் மொழியில் நாக்குக்கு மொத்த் என்று பெயர். அவார் மொழியில் மா’த்ஸ். பத்து என்ற எண் செச்செனில் இத்த், அவாரில் அன்’த்ஸ்-கோ. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொஞ்ச நேரம் பாருங்கள். அவாரில் ’த்ஸ் இருக்கும் இடத்தில் இரண்டு முறையும் செச்செனில் த்த் நிற்கிறது. மூலவேர் தேடும் வேலை முழுவதும் இந்த ஒரு கவனிப்பில் இருந்துதான் வளர்கிறது. இரண்டு சொல் ஒன்றுபோலக் காதில் விழுந்தால் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. வேறுபாடு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால்தான் மதிப்பு. தமிழில் பால், பல், புலி. கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி. ப இருந்த இடத்தில் ஹ என்று நமக்குச் சட்டெனப் புரிகிறது அல்லவா? அதையேதான் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே உள்ள காக்கசஸ் மலையில், செச்சென், அவார் போன்ற மொழிகளில் செய்யப் போகிறோம், இன்னும் சற்றுக் கடினமான நிலத்தில்.

ஒரு குறியை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மொழிகள் எல்லாவற்றிலும் தொண்டையை ஒரு கணம் அடைத்து, சேர்ந்த காற்றைத் தெறிக்கவிட்டுச் சொல்லும் மெய்கள் உண்டு. தமிழில் இல்லாத ஒலி. அதைத் தொண்டைவெடிப்பு என்கிறேன். மெய்க்கு முன்னால் ’ என்ற குறி இருந்தால் அது தொண்டைவெடிப்பு. ஃஸ் என்பது ஸ்-ஐக் குரல் அதிரச் சொல்வது.

நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வட காக்கசிய மொழிகள் இரண்டு கூட்டம். மேற்கே அப்ஹாஸ், அபாஸா, அடிகே, கபர்தியன், உபிஹ். கிழக்கே செச்சென், இங்குஷ், பாட்ஸ் சேர்ந்த நாக் கிளையும், தாகெஸ்தான் மலைகளின் மொழிகளும்: அவார், ஆண்டிக் கிளை, ட்ஸெஸிக் கிளை, லக், தர்குவா, லெஸ்கிக் கிளை (லெஸ்கி, தபஸரான், ஆர்ச்சி, உதி எல்லாம் இதில்தான்), தனியே நிற்கும் ஹினாலுக். ஜார்ஜியன் இவற்றோடு சேராது, அது தென் காக்கசியக் குடும்பம்.

கிழக்கும் மேற்கும் ஒரே தாயின் பிள்ளைகளா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. நிகோலாய் த்ருபெத்ஸ்கோய் 1922இல் இந்த மொழிகளின் மருங்கொலிகளைப் பற்றி (ல போல, காற்று நாக்கின் பக்கவாட்டில் போகும் ஒலிகள்) எழுதினார், 1930இல் சுமார் 100 சொல் ஒப்புமைகளை வெளியிட்டார். செர்கெய் நிக்கோலாயெவும் செர்கெய் ஸ்தாரொஸ்தினும் 1994இல் மாஸ்கோவில் வெளியிட்ட பெரிய வேர்ச்சொல் அகராதி இரண்டு கூட்டத்தையும் ஒரே மூலமொழிக்குக் கொண்டுபோகிறது. ஜொஹானா நிக்கல்ஸ் 2003இல் கிழக்குக் கூட்டத்தின் மெய்களை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டார். மேற்குக்கு ஆர்ட் கைப்பர்ஸின் 1975ஆம் ஆண்டு மூலச் சர்க்காசிய வேர்த்தொகுப்பும், வியாச்செஸ்லாவ் சிரிக்பா 1996இல் செய்த பொது மேற்குக் காக்கசிய ஆய்வும் இருக்கின்றன.

என் ஆலோசனை: கிழக்கில் தொடங்குங்கள். அங்கே மொழிகள் அதிகம், வேர்களில் ஒலிகளும் அதிகம், தற்செயலாக ஒத்துப்போகும் ஆபத்து குறைவு. மேற்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுத்தை நம்பாதீர்கள்

ஏறக்குறைய எல்லாத் தரவும் ரஷ்ய எழுத்தில்தான் கிடைக்கும். அந்த எழுத்து ஒன்று, ஆனால் ஒலிகள் வேறு வேறு. ரஷ்யக் ககரத்தோடு மென்குறி சேர்ந்த கூட்டெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ்கியிலும் லக்கிலும் அது அடித்தொண்டையில் பிறக்கும் வெடிப்புக் ககரம். அவாரிலோ அதே கூட்டெழுத்து, நாக்கை ல சொல்லும் நிலையில் வைத்து வெடிக்கும் மருங்கொலி, ககரமே கிடையாது. இது தெரியாமல் அவாரில் ஏழு என்ற எண்ணையும் லெஸ்கியில் நான்கு என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்தால் “அட, ஒரே மெய்!” என்று தோன்றும். அது எழுத்தின் ஏமாற்று.

அதனால் எந்த மொழியைத் தொட்டாலும் முதல் நாள் வேலை, அந்த மொழியின் எழுத்துப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஒலிக்குறியை எழுதி வைப்பதுதான். மெய்க்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கோடு நின்றால் பெரும்பாலும் தொண்டைவெடிப்பு. ஆனால் செச்செனில் அந்தக் கோடு ப-வுக்குப் பின் சில சொற்களில் வேறு தொண்டை ஒலியைக் குறிக்கும். சரிபார்க்காமல் நகராதீர்கள்.

எந்தச் சொற்கள்?

உடலுறுப்பு, நெருப்பு, நீர், பெயர், எண்கள், உறவுப் பெயர்கள். ஆறு மொழி, முப்பது சொல் போதும். முந்நூறு சொல்லோடு தொடங்கினால் எந்த வரிசையும் (ஒரு மொழியில் இந்த ஒலி என்றால் இன்னொன்றில் அந்த ஒலி என்ற ஒழுங்கு) கண்ணில் படாது.

கடன்சொற்களை முதலிலேயே களைய வேண்டும். இந்த மலைகளில் அரபு, பாரசீகம், துருக்கிய மொழிகள் எல்லாம் பல நூற்றாண்டு புழங்கியிருக்கின்றன. தொடங்கிய காலத்தில் நான் செய்த தவறு ஒன்று: எண்ணம் என்ற பொருளில் அவாரில் பிக்ரு, லெஸ்கியில் ஃபிகிர். “அவார் ப, லெஸ்கி ஃப” என்று மகிழ்ச்சியாக ஒரு வரிசை எழுதி, அதற்குத் துணை தேடிக்கொண்டிருந்தேன். இரண்டுமே அரபு ஃபிக்ர். அவாரில் ஃப ஒலி சொந்தமாக இல்லாததால் ப ஆகியிருக்கிறது. கடன்சொல்லும் ஒழுங்கான வரிசை தரும், அதுதான் அதன் ஆபத்து. பொருளைப் பாருங்கள்: எண்ணம், அறிவு, புத்தகம், வழிபாடு, சந்தை என்றால் எப்போதும் சந்தேகப்படுங்கள்.

தோலை உரித்தல்

சொல்லை அப்படியே ஒப்பிடக் கூடாது. ஒட்டுகளைப் பிரித்த பிறகுதான் வேர் தெரியும்.

இந்த மொழிகளில் பலவற்றில் பெயர்ச்சொற்களுக்கு வகுப்பு உண்டு. நாம் வந்தான், வந்தாள், வந்தது என்று கடைசியில் காட்டுவதை இவர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவார்கள். அவாரில் ஆணுக்கு வ-, பெண்ணுக்கு ய-, மற்றதற்கு ப-. இப்போது உறவுப் பெயர்களைப் பாருங்கள்: அவாரில் மகன் வஸ், மகள் யஸ், சகோதரன் வத்ஸ், சகோதரி யத்ஸ். செச்செனில் சகோதரன் வஷ, சகோதரி யிஷ. முதல் ஒலி வேரல்ல, உறைந்துபோன வகுப்புக் குறி. அதை நீக்கினால் அவாரில் -அத்ஸ் மிஞ்சுகிறது, செச்செனில் ஓர் உயிரும் ஷ-வும். அண்ணன் தங்கை இரண்டுக்கும் ஒரே வேர்! இந்தச் சொற்களை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் பேசியவர்களின் இலக்கணம் ஒரு சொல்லின் முதல் எழுத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

செச்செனில் நான்கு என்பதும் அப்படித்தான். எண்ணும்போது திஅ என்கிற மாதிரி ஒலிக்கும். ஆனால் எண்ணப்படும் பெயரின் வகுப்பைப் பொறுத்து அந்த முதல் ஒலி வ, ய, ப என்று மாறும். ஆகவே த வேரைச் சேர்ந்ததல்ல.

எண்களுக்குப் பின்னாலும் ஒட்டு இருக்கும். அவாரில் -கோ, லக்கில் -வா அல்லது -மா, தர்குவாவில் -அல், தபஸரானில் -ப், லெஸ்கியில் -த். ஒட்டுதான் என்று எப்படித் தெரியும்? மொழியே சொல்லும். லெஸ்கியில் ஒன்று சாத், இரண்டு ’க்வெத். ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் சா, ’க்வெ என்றாகிவிடும். இப்படி மொழிக்குள்ளேயே சான்று கிடைத்தால் மட்டும் வெட்டுங்கள். ஒப்புமை பொருந்த வேண்டும் என்பதற்காக வெட்டத் தொடங்கினால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் சேர்த்துவிடலாம்.

வரிசை போடுதல்

இனிமேல்தான் உண்மையான வேலை. கட்டம் போட்ட நோட்டில், மொழிக்கு ஒரு பத்தியாக எழுதுங்கள்.

நெருப்பு: அவார் ’த்ஸா, லக் ’த்ஸு, தர்குவா ’த்ஸா, தபஸரான் ’த்ஸா, லெஸ்கி ’த்ஸாய், செச்சென் ’த்ஸே.

பத்து: அவார் அன்’த்ஸ்-, லக் ஆ’த்ஸ்-, தர்குவா வெ’த்ஸ்-, தபஸரான் யி’த்ஸ்-, லெஸ்கி ’த்ஸு-, செச்சென் இத்த்.

நாக்கு: அவார் மா’த்ஸ், லக் மஃஸ், தர்குவா மெஃஸ், தபஸரான் மெல்ஃஸ், லெஸ்கி மெஃஸ், செச்சென் மொத்த்.

நெருப்பு வரிசையில் ஆறு மொழியிலும் ’த்ஸ். பத்தில் ஐந்து மொழியில் ’த்ஸ், செச்செனில் மட்டும் த்த். அப்படியானால் இரண்டு வேறு மூல ஒலிகளா? அவசரப்படாமல் இடத்தைப் பாருங்கள். நெருப்பில் அந்த மெய் சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறது, பத்தில் உயிருக்குப் பின்னால். செச்செனில் பெயர் என்பதற்கான சொல்லும் ’த்ஸே, அவாரில் ’த்ஸார். அங்கேயும் தொடக்கம், அங்கேயும் ’த்ஸ். தொடக்கத்தில் ஒன்று, உள்ளே இன்னொன்று என்று இடம் பிரித்துக்கொண்டு நின்றால் ஒரே மூல ஒலியாக வைக்கலாம்.

நாக்கு அப்படி எளிதில் அடங்காது. அவாரும் செச்செனும் பத்தில் காட்டியதையே காட்டுகின்றன. ஆனால் லக், தர்குவா, தபஸரான், லெஸ்கி நான்கும் ஒன்றாக ’த்ஸ்-ஐ விட்டு ஃஸ்-க்குப் போய்விட்டன. நான்கு மொழி ஒன்றுசேர்ந்து விலகினால் அது விபத்து அல்ல. இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, மூலமொழியிலேயே பத்திலும் நாக்கிலும் வேறு வேறு ஒலிகள் இருந்தன, அவாரிலும் செச்செனிலும் அவை கலந்துவிட்டன. இன்னொன்று, பக்கத்து ஒலி ஏதோ மாற்றத்தைத் தூண்டியது. தபஸரான் மெல்ஃஸ்-இல் அந்த ல் இன்னும் உட்கார்ந்திருக்கிறதே! எது சரி என்று இந்த மூன்று சொல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே வரிசை காட்டும் இன்னும் இரண்டு மூன்று சொற்கள் வேண்டும். கிடைக்கும்வரை வரிசைக்கு ஓர் எண் கொடுத்துத் திறந்தே வையுங்கள்.

பெயர் என்ற சொல் இன்னும் ஒரு பாடம் தரும். அவார் ’த்ஸார், லக் ’த்ஸா, ஆனால் லெஸ்கி ’த்வார், தபஸரான் ச்ச்வுர். அந்த வ் இரண்டு மொழியில் இருக்கிறது. உதட்டைக் குவித்துச் சொன்ன ஒரு மெய் மூலத்தில் இருந்து, அவாரிலும் லக்கிலும் குவிப்பு போய்விட்டது என்று வைப்பதுதான் இயல்பான விளக்கம். நெருப்பிலும் பெயரிலும் அவார் ஒரே ’த்ஸ் காட்டினாலும், அவை ஒரே ஊற்றில் இருந்து வந்தவை என்று சொல்ல முடியாது.

கிளையை விட்டுத் தாவாதீர்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். மூன்று என்ற எண் அவாரில் ஹ்லப்-கோ. இந்த ஹ்ல, நாக்கை ல நிலையில் வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விடும் ஒலி. லெஸ்கியில் மூன்று புத். இரண்டையும் நேராகப் பக்கத்தில் வைத்தால் உறவே இல்லை என்றுதான் தோன்றும்.

லெஸ்கியின் நெருங்கிய சொந்தங்களைக் கேளுங்கள். தபஸரானில் மூன்று ஷுபு-ப். ஆர்ச்சியில் ஹ்லிப். இப்போது தபஸரானையும் லெஸ்கியையும் வேறு எண்களில் பாருங்கள்: நான்கு யு’கு-ப், லெஸ்கியில் ’கு-த். பத்து யி’த்ஸு-ப், லெஸ்கியில் ’த்ஸு-த். லெஸ்கி முதல் அசையை விழுங்கிவிட்டது! அப்படியானால் ஷுபு- என்பதில் முதல் அசை போனால் மிஞ்சுவது பு-. அதோடு எண் ஒட்டு சேர்ந்தால் புத். அவாரின் ஹ்லப்-இல் இரண்டாவது மெய்யாக நிற்கும் ப்-தான் லெஸ்கியில் முதல் மெய்யாக வந்து நிற்கிறது. அண்டை மொழியைக் கேட்காமல் அவாருக்குத் தாவியிருந்தால் ஹ்ல-வையும் ப-வையும் இணை சேர்த்து ஒரு பொய் வரிசை எழுதியிருப்போம்.

அதனால் ஒழுங்கு இதுதான்: முதலில் லெஸ்கிக் கிளைக்கு ஒரு மூல வடிவம், நாக் கிளைக்கு ஒன்று, ஆண்டிக் கிளைக்கு ஒன்று. அப்புறம் அந்த மூல வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

ஆர்ச்சி தாகெஸ்தானில் ஒரே ஊர்ப்புறத்தில் பேசப்படும் மொழி. லெஸ்கிக் கிளையில் மற்றவை இழந்துவிட்ட மருங்கொலியை அது காப்பாற்றி வைத்திருக்கிறது. பேசுபவர் எண்ணிக்கை குறைவு என்று எந்த மொழியையும் ஒதுக்காதீர்கள். பதில் பல சமயம் அங்கேதான் இருக்கும். த்ருபெத்ஸ்கோய் 1922இல் கண்டதும் இதுபோன்ற மருங்கொலி வரிசைகளைத்தான்: ஒரு மொழியில் ல்-போன்ற ஒலி, இன்னொன்றில் ஷ், வேறொன்றில் ஹ். மூன்றில் அவார் ஹ்ல-வுக்கு லக்கில் ஷ (ஷன்-மா). ஆறில் அதே அவார் ஒலிக்கு (அன்ஹ்ல்-கோ) லக்கில் உரசும் ஹ், செச்செனில் யல்ஹ். மறுபடி அதே கேள்வி: இரண்டு மூல ஒலிகளா, இட வேறுபாடா?

உடுக்குறி இடும் நேரம்

மூல வடிவத்துக்கு முன்னால் போடும் * குறி, இதை யாரும் எழுதி வைக்கவில்லை, நாம் கணித்தது என்பதற்கு அடையாளம். பத்து என்ற எண்ணுக்கு நான் *–(ன்)’த்ஸ்– என்று எழுதுவேன். கோடு, உயிர் தெரியாத இடம். உயிர்கள் இந்த மொழிகளில் மெய்களைப் போல அமைதியாக வரிசைக்கு வராது, 1994ஆம் ஆண்டு அகராதி மேல் வந்த விமர்சனங்களில் பெரும்பகுதி அதன் உயிர்களையும், மூலமொழிக்கு அது கொடுத்த மிகப் பெரிய மெய்ப் பட்டியலையும் பற்றியதுதான். தெரியாததைக் கோடாக விடுவதில் எந்தக் குறையும் இல்லை.

ன்-ஐ ஏன் அடைப்புக்குள் வைத்தேன்? அவார் எண்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நான்கு உன்’க்-கோ, ஆறு அன்ஹ்ல்-கோ, ஏழு அன்’ட்ல்-கோ, பத்து அன்’த்ஸ்-கோ. நான்கு எண்களில் உயிரும் ன்-உம் ஒரே அமைப்பு. நம் ஆறு மொழியில் மற்ற ஐந்தும் பத்தில் ன் காட்டவில்லை. எண்களை மனிதர்கள் எப்போதும் வரிசையாகத்தான் சொல்கிறார்கள், அதனால் ஓர் எண்ணின் ஒலி பக்கத்து எண்ணுக்குத் தொற்றிக்கொள்ளும். ஏதோ ஓர் எண்ணில் பழைய ன் இருந்து மற்றவற்றுக்குப் பரவியிருக்கலாம். பத்திலேயே அது பழையதாகவும் இருக்கலாம். அடைப்புக்குறி அந்த இரண்டு வாய்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது.

பழைய ஏடுகள்

இந்த மொழிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய எழுத்துச் சான்று இல்லை. ஒரே பெரிய விதிவிலக்கு காக்கசிய அல்பேனியன். பால்கன் நாட்டு அல்பேனியாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் எழுத்துப் பட்டியல் 1937இல் ஓர் ஆர்மீனியக் கையெழுத்துப் படியில் இலியா அபுலாட்ஸேயின் கண்ணில் பட்டது. சீனாய் மலையின் புனித கத்தரீனா மடத்தில், பழைய எழுத்தை அழித்துவிட்டு மேலே ஜார்ஜிய எழுத்து எழுதிய தோல் ஏடுகளில், அடியில் இருந்த இந்த மொழியை 1990களில் ஸாஸா அலெக்ஸிட்ஸே அடையாளம் கண்டார். படித்தபோது அது இன்றைய உதி மொழியின் முன்வடிவம் என்று தெரிந்தது. உதியோ லெஸ்கிக் கிளை. உங்கள் லெஸ்கி மூல வடிவங்களை இந்த ஏட்டுச் சொற்களோடு ஒத்துப் பார்க்கலாம், கணக்குப் போட்டவனுக்கு விடைத்தாள் கிடைத்த மாதிரி.

மேற்குக்குப் போகும்போது

மேற்கின் சிக்கல் வேர்களின் குட்டை அளவு. பல வேர்கள் ஒரு மெய்யும் ஓர் உயிரும்தான். உபிஹ் மொழியில் 80க்கும் மேற்பட்ட மெய்கள், உயிர்களோ இரண்டு என்றுதான் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அதன் கடைசிப் பேச்சாளர் தெவ்ஃபிக் எசென்ச் 1992 அக்டோபர் 7 அன்று துருக்கியில் காலமானார். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமெஸிலோடு அவர் பல ஆண்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால் இன்று மேற்கு வரிசைகளில் ஒரு பத்தி ஏறக்குறைய வெறுமையாகவே இருந்திருக்கும்.

நீர்: அடிகே ப்ஸி, உபிஹ் ப்ஃஸி, அபாஸா த்ஃஸி, அப்ஹாஸ் அ-த்ஃஸி. அப்ஹாஸின் அ-, ஆங்கிலத்தின் the போலப் பெயருக்கு முன்னால் சேரும் ஓர் ஒட்டு, அபாஸாவில் அது இல்லை, எனவே வெட்டலாம். மேற்குக்குள்ளே இப்படி வரிசை போடுவது பலன் தரும் வேலை.

கிழக்கோடு சேர்க்கும்போதுதான் கை நடுங்க வேண்டும். நெருப்பு அப்ஹாஸில் அ-ம்த்ஸ. ம்-ஐ நீக்கினால் த்ஸ, கிழக்கில் ’த்ஸா. ஆசையாக இருக்கும். ஆனால் அப்ஹாஸ் ஒலியில் தொண்டைவெடிப்பு இல்லை. அடிகே நெருப்பான ம’ஷ்வ-வில் வெடிப்பு இருக்கிறது, மெய் வேறு. ம்- முன்னொட்டு என்றால் வேறு எந்தச் சொற்களில் அது தனியாகப் பிரிகிறது? இதற்கு மேற்கு மொழிகளுக்குள்ளேயே பதில் தேடுங்கள். பதில் இல்லாமல் ஒரு மெய்யை ஒரு மெய்யோடு சேர்ப்பது, இவ்வளவு குட்டையான வேர்களில், எதையும் நிரூபிக்காது.

முதல் பயிற்சி

இதயம்: அவார் ரா’க், லக் தா’க், தர்குவா உர்’கி, தபஸரான் யு’க்வ், லெஸ்கி ரி’க், செச்சென் தொக் (கடைசி க் குரல் அதிரும்).

முதலில் சொல்லின் முகப்பைப் பாருங்கள். ரா, தா, ரி, தொ: ர்-உம் த்-உம் பழைய வகுப்புக் குறியா, இல்லை வேரின் ர்-தானா? தர்குவாவில் ர் உயிருக்குப் பின்னால் நிற்பதையும் தபஸரானில் ர்-ஏ இல்லாததையும் சேர்த்துக் கணக்கில் எடுங்கள். தபஸரானின் வ்-க்கு, பெயர் என்ற சொல்லில் செய்தது போல, ஓர் இடம் கொடுங்கள். கடைசியாகச் செச்செனின் அதிரும் க். மற்ற ஐந்திலும் ’க் இருக்க அங்கே மட்டும் ஏன் இது? சொல்லின் இறுதியில் கிழக்கு ’க்-க்குச் செச்சென் க் காட்டும் இன்னொரு சொல்லைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைக்கும்வரை அந்தக் கட்டத்தில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.